கட்டி விழாத தாள்

முதலில் ஒரு புதுமாப்பிள்ளையைத்தான் ஆலையில் நார்த் தாள் வார்க்கிற தொட்டியருகே நிறுத்திப் பார்த்தார்கள். கையில் மருதாணிச் சிவப்பு மங்காத, தூணைப் பார்த்தால்கூடச் சிரிக்கிற பருவத்து மாப்பிள்ளை. அன்றைக்கு ஓடிய தாள் பூராவும் உப்புமா. திரள் திரளாகக் கட்டி. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பதவி உயர்வு கிடைத்தவனை நிறுத்தினார்கள். தவமிருந்து பிள்ளை பெற்றவனை நிறுத்தினார்கள். தேர்தலில் ஜெயித்த வார்டு மெம்பர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து கழுத்து மாலையோடு நிறுத்தினார்கள். மெம்பருக்கு வந்த தாளைக் கழுதைகூட மோந்து பார்க்கவில்லை என்று ஆலையில் இன்றும் சொல்வார்கள். சந்தோஷத்துக்கும் சர்க்யூட் போர்டுக்கும் ஆகாது என்பது அப்படித்தான் நிரூபணமாயிற்று.

இதற்கு நேர் எதிரான சங்கதி அதற்கு முன்பே தற்செயலாகத் தெரிந்திருந்தது. தொட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷிப்டு ஆள் ஒருவனுக்கு, அம்மா போய்விட்டாள் என்று போன் வந்தது. அவன் அங்கேயே நின்று அழுதான். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் வந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பரிசோதனைக்கூடத்துக்காரர்கள் விளக்கை மாற்றி மறுபடி பார்த்தார்கள். பனிமூட்டத்தை எடுத்து இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது.

நல்லசிவத்துக்கு அந்த ஆலையில் வேலை கிடைத்தது இந்த அழுகையால்தான்.

அவர் அதுவரை இன்சூரன்ஸ் ஏஜெண்டு. பெருந்துறைச் சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும், பறைக்காரர் வருவதற்கு முன்னால் நல்லசிவம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். துக்கம் விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த வீட்டில் எவ்வளவு பேசவேண்டும், எந்த வீட்டில் வாயே திறக்கக்கூடாது, எந்த வீட்டில் செத்தவரைப் பற்றிப் பேசாமல் மாட்டைப் பற்றிப் பேசவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இந்தத் திறமைக்கு ஒருநாள் கம்பெனி வேலை வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

முதல் நாள், ஆலையின் தயாரிப்புப் பொறியாளர் ரெஜினா அவரைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனாள். தூத்துக்குடிப் பெண்.

"முன்னாலல்லாம் கண்ணாடி இழையில நெய்த துணியிலதான் அண்ணாச்சி போர்டு செஞ்சாவ. பாவும் ஊடும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுத எடத்துல சின்னதா ஒரு மேடு வருமுல்லா? அப்ப அது பரவாயில்ல. இப்ப போர்டுல ஓடுத செம்புக் கோடு தலமுடியவிடச் சன்னம். அந்த மேட்டுல ஏறி எறங்குததுக்குள்ள சிக்னல் தடுமாறிப் போவுது."

"அதனால நெய்யறதையே உட்டுட்டீங்களாக்கும்."

"விட்டாச்சு. அராமிட்னு ஒரு செயற்கை நாரு. குண்டு துளைக்காத சட்டை செய்வாவல்லா, அந்த வகை. அத அரிசி நீளத்துக்கு வெட்டி, தண்ணில கலக்கி, சல்லடைமேல ஊத்துதோம். தண்ணி கீழ போயிரும், நாரு மேல படுத்துக்கிடும். எது எந்தப் பக்கம் வேணாலும் படுக்கலாம். பாவு கெடையாது, ஊடு கெடையாது, மேடும் கெடையாது. சூடான உருளைக்கு நடுவ விட்டு அழுத்தி, பிசின்ல முக்கி, செம்புத் தகடு ஒட்டுனா போர்டு."

"களி கிண்டறாப்லதான்."

"அதேதான். களியில கட்டி விழுமுல்லா? இதுலயும் விழும். கட்டி இருக்க எடத்துல போர்டு சூட்டுக்கு வீங்கும். வானத்துல போற பிளேனுக்குள்ள வீங்குனா என்னாவும்?"

நல்லசிவம் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

"அழுதா ஏனுங்க கட்டி உழுகறதில்ல?"

"அது யாருக்கும் தெரியல. நாலு விஞ்ஞானி வந்தாவ, அஞ்சு காரணம் சொன்னாவ. துக்கப்பட்டவங்க ஒடம்புல சன்னமா ஒரு நடுக்கம் இருக்காம்; கம்பி வழியா அது தண்ணிக்குள்ள எறங்குதாம். சரின்னு அழுகையப் பதிவு பண்ணிப் போட்டுப் பாத்தோம், வேலைக்காவல. ஒப்பாரி பாடுத அம்மாமாரக் கூட்டியாந்தோம். கேட்டு எங்க கண்ணுல்லாம் கலங்கிப் போச்சு. நாரு நம்பல."

"நாரு நம்பறாப்ல அழுகறவங்க வேணும்."

"அதுக்குத்தான் நீங்க."

அடையாள அட்டையில் ‘உணர்வு வள ஒருங்கிணைப்பாளர்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஊரில் எழவு மேஸ்திரி என்றார்கள். இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

மாரில் அடித்துக்கொண்டு புரளுகிறவர்கள் பக்கம் அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. அது இரண்டு வாரத்துச் சரக்கு. பந்தலுக்கு வெளியே நின்று, வந்தவர்களுக்குக் காப்பி போதுமா, பாடைக்கு மூங்கில் வெட்ட ஆள் போயாச்சா என்று ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஜீவன் எல்லா எழவு வீட்டிலும் இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் நிற்பார். கருமாதி முடிந்ததும் வேலைக்கான உத்தரவோடு மறுபடி போவார். ஒருவரும் மறுத்ததில்லை. துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களிடம், அதை இங்கே கொண்டுவந்து வை என்று ஒரு இடத்தைக் காட்டினால் யார்தான் மறுப்பார்கள்?

அவர் கொண்டுவந்த ஆட்கள் கம்பியருகே நின்றதால் வந்த தாள்கள் உலகமெல்லாம் போயின. மூச்சுவிட வைக்கிற இயந்திரங்களுக்குள் போயின. ஆள் இல்லாமல் ஓடுகிற கார்களுக்குள் போயின. குறி தப்பாத ஏவுகணைகளுக்குள்ளும் போயின. ஏவுகணை விழுந்த ஊர்களில் இன்னும் உயர்ந்த ரகத் தாளுக்கு வேண்டிய ஆட்கள் தாராளமாகக் கிடைத்திருப்பார்கள். ஆனால் அங்கே ஆலைதான் மிஞ்சவில்லை.

எழவு வீட்டிலிருந்து திரும்பினால் நல்லசிவம் புறவாசலில் நின்று தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். தெய்வானை, அவர் மனைவி, தண்ணீர் காயவைத்துத் தயாராக இருப்பாள். அப்புறம் சோற்றுக்கு உட்கார்ந்து, கேசவன் வீட்டில் இப்படி, குப்பாயி வீட்டில் அப்படி என்று ஒன்றுவிடாமல் சொல்வார். அவருக்கு அது தொழில். சொல்லி முடித்து, "இதுல யாரு நெசமா அழுவான்னு உனக்குத் தோணுது?" என்று கேட்பார். அவள் யோசித்து ஒரு பெயரைச் சொல்வாள். மறுநாள் அந்தப் பெயரைத் தன் கண்டுபிடிப்பாக மேனேஜரிடம் சொல்வார். அதில் ஏதும் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. இத்தனை வருஷம் அவள் சமைத்ததையும் அவர் தன் சாப்பாடு என்றுதானே சொல்லிவந்தார்.

துக்கத்தில் ஒரு பெரிய குறை உண்டு. ஆறிவிடும்.

மாராத்தாள் என்று ஒரு அம்மாள் இருந்தாள். ஒரே மகனை ஏரியில் பறிகொடுத்தவள். அவள் கம்பியில் கைவைத்தால் போதும், நார்கள் பாய் விரித்தாற்போலப் படுத்துக்கொள்ளும். ஆலையே அவளை நம்பி ஓடிய காலம் உண்டு. பிரசவத்துக்கு மகள் வந்து, பேத்தி பிறந்தது. தாளில் மிளகளவு கட்டி தென்பட்டது. அப்புறம் சுண்டைக்காயளவு.

மேனேஜர் வெங்கடபதி கூப்பிட்டனுப்பினார். "மாராத்தாளுக்கு என்னாச்சுங்க நல்லசிவம்?"

"பேத்தி பொறந்துருக்குதுங்க சார்."

"அடக் கடவுளே," என்றார் மேனேஜர், நிஜமான வருத்தத்தோடு. "ஏதாச்சும் பண்ணுங்க."

நல்லசிவம் அவள் வீட்டுக்குப் போனார். விட்டத்தில் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, வேலை நெலைக்கோணும்னா கொழந்தையத் தூக்காதீங்க. எட்ட நின்னு பாத்துக்குங்க."

"தூக்காம எப்பிடீங்க தம்பி இருக்கறது? மூக்கு அப்பிடியே எம்பையனாட்டவே இருக்குதுங்க."

"அப்ப மூக்கப் பாக்காதீங்க."

மாராத்தாள் பாவம், முயன்றுதான் பார்த்தாள். கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பாட்டிக்காரிக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று மகள் ஒருநாள் பிள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்படியில் பிள்ளை தும்மியது. மாராத்தாள் ஓடிப்போய் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தோடு தீர்ந்தது. துக்கம் ஆறியதற்காகக் கம்பெனி அவளுக்கு ஒரு சால்வை போர்த்தி, டிபன் கேரியர் ஒன்றும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது.

இதை நல்லசிவம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னார். தெய்வானையின் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"நீங்களாங்க மூக்கப் பாக்காதீங்கன்னு சொன்னீங்க?"

"வேலைன்னா அப்பிடித்தான் அம்மிணி. ரசம் ஊத்து."

அவள் ஊற்றினாள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. நோய்நொடி இல்லை. ஊரில் ஒருவரும் சாவதாகக் காணோம். இருக்கிற ஆட்களுக்கெல்லாம் துக்கம் ஆறிக்கொண்டே வந்தது. தாளில் கட்டி ஏறிக்கொண்டே போனது. வெங்கடபதிக்குத் தூக்கம் போயிற்று.

"ஒரு விபத்துகூடவா இல்ல?"

"காரெல்லாம் தானா ஓடுதுங்களே சார். ஒண்ணோடொண்ணு உரசறதுகூட இல்லீங்க. அதுக்குள்ள இருக்கறது நம்ம போர்டுதானுங்களே."

"அளவுக்கு மீறி நல்ல சரக்குப் போட்டுட்டோம்," என்று பெருமூச்சு விட்டார் மேனேஜர்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுதபூஜை வந்தது. இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, பணியாளர் குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். எல்லா இயந்திரத்தையும் நிறுத்தினாலும் தொட்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் நார் அடியில் படிந்துவிடும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானை பச்சைப் பட்டுடுத்தி, கையில் பொரிப் பொட்டலத்தோடு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாலாட்டம் இருக்குதுங்களே" என்று தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

சல்லடைமேல் நார் படுப்பதைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா எழுந்து நின்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு நல்லசிவத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல யாரு தவறிப் போனாவ?"

"யாருமில்லீங்களே. எங்க மாமனாரு மாமியாகூடக் கல்லாட்டம் இருக்கறாங்க."

"அக்கா அழுதாவளா?"

"பொரி தின்னுட்டு இருக்கறாளுங்க."

ரெஜினா தெய்வானையைச் சாமி கும்பிடக் கூட்டிப்போனாள், திரையில் கட்டி. பிரசாதம் கொடுத்து மறுபடி கம்பிப் பக்கம் கூட்டிவந்தாள், கட்டி இல்லை. சாதாரணமாக இல்லாமல் போகவில்லை. இதுவரை ஆலை பார்த்த தாளெல்லாம் இதன் முன்னே கோணிச்சாக்கு.

மறுவாரமே தெய்வானைக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போ என்று நல்லசிவம் சொன்னதும் அவள் மறு பேச்சுப் பேசவில்லை. காலையில் ஆலை வேன் வரும். ஏறிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சாயங்காலம் வந்து சோறு வடிப்பாள்.

முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உறைத்தது. ஊரிலிருக்கிற துக்கத்தையெல்லாம் மூன்று தெருவுக்கு அப்பாலிருந்தே மோப்பம் பிடிக்கிற ஆள் அவர். தனக்கு எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றுகிறவளிடம் இத்தனை இருந்தது தெரியவில்லை. எதற்காக? பிள்ளை இல்லை என்பதற்கு அவர்கள் இருவரும் அழுது முடித்து வெகு காலம் ஆயிற்று. வேறு யார்? சுற்றிச் சுற்றி வந்து பார்த்தால் கண்ணாடியில் ஒரு முகம்தான் நின்றது. என்னால்தான். நான் நினைத்த அளவுக்கு நல்ல புருஷன் இல்லை போலிருக்கிறது.

வெங்கடபதியும் இதே முடிவுக்கு வந்திருந்தார்.

"ஊட்டுல எப்பிடி? சண்டை கிண்டை?"

"அதெல்லாம் இல்லீங்க சார்."

"சரி. எப்பிடியிருக்கறீங்களோ அப்பிடியே இருங்க. புதுசா எதையும் முயற்சி பண்ண வேண்டாம். புரிஞ்சுதுங்களா?"

மனைவியிடம் அன்பாக இருக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்த ஆண்பிள்ளை உலகத்திலேயே நல்லசிவம் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கிக் கொடுத்தார். காலையில் காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் அதைக் குடித்தாள். வேலை போனால் போகட்டும், இவளுடைய முகத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒன்று கரையட்டும் என்று உண்மையாகவே நினைத்தார். ஒவ்வொரு நாளும் ரெஜினாவிடம் கேட்பார், "கட்டி உழுந்துதுங்களா?"

"ஒரு பொட்டுகூட இல்ல அண்ணாச்சி."

கடைசியில் அவளிடமே கேட்டுவிட்டார். புறவாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எம்மேல உனக்கு என்ன கொறை அம்மிணி? சொல்லீரு. நாம்பாட்டுக்குக் கொடிவேரிக்கும் பூக்கடைக்கும் அலைஞ்சிட்டு இருக்கறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. "உங்களுக்காகன்னு நெனச்சீங்களாக்கும்? உங்களுக்கென்னங்க, நல்லாத்தான இருக்கறீங்க."

"பின்ன?"

அவள் ஈரத்துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "எழவு ஊட்டுல இருந்து வருவீங்க. தலைக்கு ஊத்திக்குவீங்க. உங்களுக்குத் தண்ணியோட போயிரும். சோத்துக்கு உக்காந்து எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லுவீங்க. கிணத்துல உழுந்த புள்ள என்ன சட்டை போட்டுருந்துச்சு, குப்பாயி புருசன் கடைசியா என்ன கேட்டான், மாராத்தாக்கா எப்பிடிச் செவுத்தப் பாத்து உக்காந்துட்டு இருந்துச்சு... நீங்க ஏப்பம் விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவீங்க. கேட்டவளுக்கு எந்தத் தண்ணிய எடுத்து ஊத்திக்கறது?"

நல்லசிவம் கொடியில் கோணலாய்க் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒரே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் தெய்வானை. "இனிமேல் எந்த எழவையும் இந்த ஊட்டுக்குக் கொண்டாராதீங்க. என்னால முடியலீங்க."

"சென்னிமலை ஆண்டவர் மேல சத்தியமாக் கொண்டாரமாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வெளியே என்ன நடந்தாலும் வீட்டில் வாய் திறப்பதில்லை. மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேசினார். தெய்வானை மெல்ல மெல்லத் தெளிந்தாள். வாசலில் கோலம் போடும்போது ஏதோ ஒரு பாட்டை முனகினாள். கல்யாணமான புதிதில் முனகியதற்கு அப்புறம் அன்றைக்குத்தான் முனகுகிறாள். நல்லசிவம் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, இருமல் வந்ததை அடக்கிக்கொண்டு கேட்டார்.

அன்றைக்குத் தாளில் மிளகளவு கட்டி.

சுண்டைக்காயளவு வந்தபோது வெங்கடபதி அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"உங்க சம்சாரத்த நம்பி மத்த ஆளுகளையெல்லாம் அனுப்பிட்டேன். இப்ப தாளு இப்பிடி வந்தா லைனை மூடோணும். லைனை மூடுனா ஆலைய மூடோணும். எத்தன ஊட்டுல அடுப்பு எரியாது தெரியுமுங்களா? நீங்க என்ன பண்ணுவீங்களோ..." கொஞ்சம் நிறுத்தி, "முன்னாடி என்ன பண்ணீட்டு இருந்தீங்களோ அதையே பண்ணுங்க," என்றார்.

நல்லசிவம் நடந்தே வீட்டுக்குப் போனார். ஒரு பக்கம் சத்தியம். ஒரு பக்கம் ஆலை, ஊர், அடுப்புகள், அடையாள அட்டை. வழியெல்லாம் யோசித்தார். இன்சூரன்சில் இருந்த மனுஷன். எந்த ஒப்பந்தத்திலும் சந்து இருக்கும் என்று தெரிந்தவர். எழவைக் கொண்டுவர மாட்டேன் என்றுதானே சத்தியம்? நடக்காத எழவு எழவாகுமா? யாருமே சாகவில்லை என்றால், அவள் யாருக்காகவும் துக்கப்படவில்லை என்றுதானே ஆகிறது? நாருக்கு நார் ஆயிற்று, யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டு வாசலை மிதிக்கும்போது தன் புத்தியை நினைத்து அவருக்கே வியப்பாக இருந்தது.

சோற்றைப் பிசைந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னுங்க, எறங்கலையா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"வேண்டாம் அம்மிணி. சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கறேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொண்டவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறான். "பரவாயில்ல, சொல்லுங்க," என்றாள்.

காஞ்சிக்கோயிலுக்கு அந்தப் பக்கம் புளியங்காட்டுப்புதூர் என்று ஒரு ஊரைச் சொன்னார். பவளக்கொடி என்று ஒரு சின்னப் பெண்ணைச் சொன்னார். தகப்பன் இல்லை, தாய் போன வாரம் போய்விட்டாள். அந்தப் பிள்ளை தினமும் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டில் வந்து நிற்கிறது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அந்த பஸ்ஸில்தான் வருவாள் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு ஆட்டுக்குட்டி. பிள்ளையின் பாவாடை அம்மாவின் சேலையில் தைத்தது. இத்தனை எழவுக்குப் போய் ஒரு சொட்டு விடாத கண்ணிலிருந்து, இல்லாத பிள்ளைக்காகத் தண்ணீர் வழிந்து சோற்றில் விழுந்தது.

மறுநாள் தாள் சுமாராகத்தான் வந்தது. அடுத்த வாரம், கட்டி போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பவளக்கொடி வளர்ந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மாமன் வீட்டில் சாப்பாடு போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா பேர் கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு சங்கதி சொல்வார். தெய்வானை அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். குறுக்கே எதுவும் கேட்கமாட்டாள். அவள் கோலம் போடும்போது இப்போது சத்தம் வருவதில்லை. அது ஒன்றுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் இப்படி ஒரு தாள் உலகத்தில் எங்கே வருகிறது? ரெஜினா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள். வெங்கடபதி தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"வர்ற வாரம் பெரிய ஏற்றுமதி நல்லசிவம். இருதயத்துக்குள்ள வெக்கற கருவியாம். கொஞ்சம் பலமா இருக்கட்டும்."

பலமா என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்தது. ஒரு முழு நாள் மனசு கேட்கவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தாள் பவளக்கொடி. முடிவில், காலையில் தெய்வானை வேலைக்குக் கிளம்பித் தலைசீவிக்கொண்டு நின்றபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"பவளக்கொடி போயிட்டா, அம்மிணி."

"ஓ," என்றாள் அவள். சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள். "ரோட்டுல நின்னுட்டு இருந்தப்பவா?"

"ஆமா. பஸ்ஸுனு நெனச்சு லாரிக்குக் கைகாட்டியிருக்குது."

"இப்ப லாரியெல்லாம் தானா நின்னுக்குமுங்களே."

நல்லசிவம் அதை யோசித்திருக்கவில்லை.

"பரவாயில்ல, உடுங்க," என்றாள். "நானும் அந்தப் புள்ளைக்கு ஒரு கவுனு எடுத்துட்டுப் போனனுங்க."

"எங்க?"

"புளியங்காட்டுப்புதூருக்கு. அப்பிடி ஒரு ஊரே இல்லைன்னு கண்டக்டரு சொன்னாரு. சரி, பேரு மாத்திச் சொல்லியிருப்பீங்களோன்னு எறங்கி, நாலஞ்சு ஊரு நடந்து விசாரிச்சேன். ஆட்டுக்குட்டி வெச்சுருக்கற புள்ளன்னு சொன்னேன். டீக்கடையில ஒருத்தரு பாவப்பட்டு, குடிக்கத் தண்ணி குடுத்தாரு."

"எப்பப் போன?"

"நீங்க மொதல்ல சொன்னீங்க பாருங்க, அந்த ஞாயித்துக்கெழமையே. நீங்க மத்தியானம் தூங்கீட்டு இருந்தீங்க."

வெட்கம், பயம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நல்லசிவத்துக்குள்ளிருந்து முதலில் எழுந்து வந்தது தொழில்தான்.

"அப்ப, அதுக்கப்புறம் வந்த தாளு? இத்தன மாசமா ஒரு கட்டி உழுகலியே. ரெஜினா மேடம் கையெடுத்துக் கும்பிடுறாங்களே. புள்ள பொய்யின்னு தெரிஞ்சும்..." குரல் இறங்கியது. "அது யாருக்காக அம்மிணி?"

தெரு முனையில் ஆலை வேன் ஹாரன் அடித்தது.

"சோறு மூடி வெச்சுருக்கறேன்," என்றாள் தெய்வானை. "கொழம்பு அடுப்பு மேல இருக்குது. மோரு ஒறியில."

பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். முனைக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட, "போயிட்டு வர்றனுங்க" என்று ஒரு குரல் கொடுக்காமல் அவள் இந்த வாசலைத் தாண்டியதில்லை. நல்லசிவம் அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் கதவு மூடிற்று. வேன் நகர்ந்தது. சத்தம் தேய்ந்து, ரோட்டோடு கலந்து போயிற்று.

எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை.